ஒன்பதாம் இதழ்

மூன்றாம் இதழில் கசடன்
மருந்துக்கடைக் கல்லாவை உடைத்தான்.
ஒன்பதாவதில்
பாலத்தில் தொங்கியவளின் விரல்களைப் பார்த்துக்கொண்டே
சிகரெட்டை முடித்தான்.
மை போட்டவள் நான்தான்,
க்ளீவ்லாண்டில், ஹீட்டர் ஓடாத மாடியில்.

விற்பனை ஏறியது.
நாற்பதில் சிகரெட்டின் மேல்
வெள்ளை பூசச் சொன்னார் ஆசிரியர் ஹ்ருஷ்கா.
பிறகு உடைந்த பல்லை நேராக்கினோம்,
அதற்கு எனக்கு இரண்டு டாலர் கூடுதல்.
அறுபத்தொன்றில் மேலங்கி. நீலம்.
இப்போது பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவில்
கசடறச் சிரிக்கிறான்.

யாரையும் விழவிடுவதில்லை.
நல்லதுதான், பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

ஆனால் அவன் பறக்கும்போதெல்லாம்
மேலங்கி மடிப்பில்,
நிழலென்று நினைக்கும்படி,
நாலு விரல் வரைந்துவிடுகிறேன்.
அச்சில் வெறும் கறுப்புதான்.
ஒருநாளும் பிடி விட்டதில்லை.