தொண்ணூற்று மூன்றாம் பக்கத்தில் போனவன்

இவனும் ஆறடி இரண்டங்குலம்.
இவனுக்கும் முப்பது வயதுக்குள் நான்கு கம்பெனி.
கோபம் வந்தால் இவனும் கண்ணாடித் தம்ளரை
உள்ளங்கையிலேயே நொறுக்குகிறான்.
தையல் போட யாரும் கூட்டிப்போவதில்லை.
அடுத்த அத்தியாயத்தில் அதே கையால்
அவள் நெற்றி முடியை ஒதுக்குகிறான்.

பிரிக்பீல்ட்ஸில் தேவசுந்தரியின் கடை.
வாரத்துக்கு இரண்டு ரிங்கிட் வாடகை.
"இத எடு லா, ஹீரோவுக்குத் திமிரு கொஞ்சம் கூடுதல்"
மிளகாய்த்தூள் காரம் சொல்வதுபோல்
சொல்லித்தான் தருவாள்.

நான் ரயில் ஏறும் நிலையம் தாமான் பஹாகியா.
மகிழ்ச்சிப் பூங்கா என்று அர்த்தம்.
கடைசி அத்தியாயத்துக்கு வைக்கிற பெயர்;
கார் நிறுத்தத்தான் இடமில்லை.
ஒரு கை தொங்குபிடியில்,
மறு கையில் ரிஷ்வந்த்.
கேஎல் சென்ட்ரலில் கூட்டம் ஏறுகிற நேரம்
அவளைச் சுவரோடு சாய்த்து
"நீ எனக்குத்தான்" என்கிறான்.
என்னையும் நாலு பேர் கதவோடு சாய்க்கிறார்கள்.
சிலிர்க்கவில்லை.

மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தால் காதலாம்.
குடும்ப வழக்கு பார்க்கும் வக்கீலிடம்
பதினோரு வருடமாகக் கோப்பு அடுக்குகிறேன்.
ஐந்து விரல் பதிந்த மணிக்கட்டுகள்
படமாக வந்திருக்கின்றன.
தேதி உண்டு, எண் உண்டு,
பின்னணி இசை கிடையாது.

ஊட்டியில் இவனுக்கு எஸ்டேட்டாம்.
ஜீப்பில் வந்திறங்குகிறான், அவள் கன்னம் சிவக்கிறது.
எங்கள் குடும்பத்தில்
எஸ்டேட் முதலாளியைப் பார்த்து
யாருக்கும் கன்னம் சிவந்ததாகத் தகவல் இல்லை.

அவளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம்;
ஒரு கதவைத் தடுக்கி விழாமல் தாண்டமாட்டாள்.
மூன்றாம் அத்தியாயத்தில் வேலையை விட்டாள்.
சேமநிதி என்ன ஆயிற்றென்று
கதை முடியும்வரை ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்தவன் தனபாலன்.
தொண்ணூறாம் பக்கத்தில் வருகிறான்.
இரவு இரண்டு மணி, அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி.
பக்கத்து வீட்டுக்காரன்,
சட்டையை மாற்றிப் பொத்தானிட்டுக்கொண்டு
பழைய காரை எடுக்கிறான்.
படிவம் நிரப்புகிறான்.
பிளாஸ்க்கில் பால் வாங்கி வந்து
"சாப்பிட்டீங்களா?" என்கிறான்.
எங்கள் ஊரென்றால் "பசியாறிட்டீங்களா" என்றிருப்பான்.
முழுப் புத்தகத்திலும்
அவளை அந்தக் கேள்வி கேட்டவன் அவன் ஒருவன்.
தொண்ணூற்று மூன்றில் ரிஷ்வந்த் வருகிறான்,
தாழ்வாரமே வாசனைத் திரவியத்தில் மிதக்கிறது.
"சரிங்க, நான் கிளம்பறேன்."
அவ்வளவுதான்.
பிறகு இருநூற்றுப் பத்துப் பக்கம். அவன் இல்லை.
கல்யாணத்தில் மந்திரி இருக்கிறார்,
யானை இருக்கிறது.
இரண்டு முறை தேடினேன்.

அந்தப் பிளாஸ்க் என்ன ஆயிற்று?
திரும்பும் வழியில் பெட்ரோலுக்குக் காசிருந்ததா?
பசார் செனியில் ஒருநாள்
பொத்தான் மாறிய சட்டையோடு ஒருவர் ஏறி
பையை மடியில் வைத்துத் தூங்கிப்போனார்.
இவராக இருக்கலாம் என்று நினைத்தேன்,
நினைப்பதற்கென்ன.

ஒன்றை மறைக்கக் கூடாது.
இருநூற்று எண்பதில் ரிஷ்வந்த் மன்னிப்புக் கேட்டபோது,
குரல் உடைந்து, இரண்டே சொல்லில்,
நான் மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்க மறந்து
கேஎல்சிசி வரை போய்விட்டேன்.
இத்தனையும் பேசுகிற நான்தான்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு
எதிர்த்திசை ரயிலுக்கு நின்றேன்.

புத்தகத்தைத் திருப்பும்போது கேட்டேன்:
"தனபாலன் வேறு எதிலாவது வருவானா?"
"யாரு?" என்றாள் தேவசுந்தரி.
"அப்படி ஒருத்தன் இதுல இருக்கானா?"

எடுத்துக் காட்டினேன்.
அந்தப் பக்கத்து மூலையில்
நான் மடித்த மடிப்புக்கு அடியில்
பழைய மடிப்பு ஒன்று, அதற்கும் அடியில் இன்னொன்று,
காகிதம் பஞ்சாகி
பிய்ந்துவிடும்போல் இருந்தது.

அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள்.
"இப்படி மடிச்சா எப்படி லா" என்றாள்.
தாமதத்துக்கு ஐம்பது சென் வாங்கிக்கொண்டாள்.