அரை மணித்தியாலம்

வைகாசி நாலு, தொண்ணூற்றெட்டு.
திங்கட்கிழமை, காலை ஐந்து நாற்பது.
பீடிக்கட்டுத் தாளின் உட்புறத்தில்
அப்பா எழுதிவைத்த என் பிறப்பு.
எந்த ஐந்து நாற்பது என்று
அவர் எழுதவில்லை.

அந்த வருடம் வாவிக்கு இரண்டு மணிக்கூடு.
எழுவான்கரையில் அரசாங்கத்தின் நேரம்,
படுவான்கரையில் இயக்கத்தின் நேரம்,
நடுவில் அரை மணித்தியாலம்
உவர்த்தண்ணியாய்க் கிடந்தது.
நான் தோணியில் பிறந்தேன்.
அம்பிளாந்துறையில் ஏறும்போது இல்லை,
குருக்கள்மடத்தில் இறங்கும்போது இருந்தேன்.
அப்பாவின் கையில் பழைய நேரம்,
இறங்குதுறைச் சென்றியில் புது நேரம்.
எதைப் பார்த்து எழுதினார்?
கேட்கலாம், இருந்திருந்தால்.

ஆரையம்பதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை.
டிலோஜினி கணினியில் இரண்டு தரம் தட்டினாள்.
இரண்டு தாள் வந்தது, சூடாக.
ஒன்றில் நான் மேஷ லக்கினம்,
மற்றதில் ரிஷபம்.

மேஷக்காரிக்கு வாசலிலேயே சனி, நீசமாக.
நொண்டி, அவசரம் தெரியாதவன்,
ஆயுள் கணக்கு அவனிடம்தான்.
பக்கத்தில் புதன்; அவன் வாய்க்குப் பூட்டில்லை.
இரண்டாம் வீட்டில் செவ்வாய்.
செவ்வாய் என்றால் இரத்தம், காணி, கூடப்பிறந்தவன்.
இரண்டில் நின்றால் தோஷம்,
கட்டுகிறவனுக்கு ஆகாது.

ரிஷபக்காரிக்கு அதே செவ்வாய்
லக்கினத்திலேயே நிற்கிறான், தோஷமில்லை.

இரண்டு தாளிலும் அவன் சூரியனோடு ஒட்டியிருக்கிறான்.
அவ்வளவு கிட்டப் போனால் எரிந்துவிடுமாம்,
அஸ்தங்கம் என்று அச்சடித்திருக்கிறது.
சூரியன் அப்பா. செவ்வாய் அண்ணன்.
அப்பாவோடு போன அண்ணனைப் பற்றித்
தாள் வேறொன்றும் சொல்லவில்லை.

வியாழனும் கேதுவும் கும்பத்தில்:
பொன்னும் சந்நியாசமும்
ஒரே அறையில் வாடகைக்கு.
சுக்கிரன் மட்டும் யாரையும் கவனியாமல்
மீனத்தில் உச்சம்.
கலியாணம், வாகனம், வாசனைச் சவர்க்காரம்
எல்லாம் அவன் பொறுப்பு.
ஒரு தாளில் பன்னிரண்டில் நின்று செலவழிக்கிறான்,
மற்றதில் பதினொன்றில் நின்று உழைக்கிறான்.

தரகர் அரசரெத்தினத்துக்கு நல்ல சந்தோசம்.
"களுவாஞ்சிகுடி மாப்பிள்ளைக்குச் செவ்வாய் இருக்கு,
அங்க மேஷத்தக் குடுப்பம்.
சித்தாண்டியில சுத்த சாதகம் கேக்காங்க,
அதுக்கு ரிஷபம்.
இதில என்ன கள்ளம் பிள்ள,
ரெண்டும் நீதானே."

எனக்கு நில அளவைத் திணைக்களத்தில் வேலை.
கல் அசைந்தால் காணி அசையும்,
அது வழக்கு வரைக்கும் போகும்.
தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக
யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு கோளும் நகரவில்லை.
எண்ணத் தொடங்கும் கல்லை மட்டும்
யாரோ ஒரு கட்டம் தள்ளி நட்டிருக்கிறார்கள்.

போன வைகாசி, நாலாம் நாள்,
அம்பிளாந்துறையில் போய் நின்றேன்,
முதல் பாதை இன்னும் அக்கரையில் கிடந்தது.
ஐந்து பத்துக்கு என் கையே கறுப்பு.
ஐந்து நாற்பதுக்கு
வலை உதறிக்கொண்டிருந்தவரின்
மீசை நரை வரைக்கும் தெரிந்தது.
சூரியன் வர இன்னும் நாலு நிமிடம்.
ஆகவே கேள்வி ஒன்றுதான்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.
சந்திரன் அம்மா. மகரத்தில், திருவோணத்தில்,
இரண்டு தாளிலும் தேய்ந்துகொண்டிருப்பவள்.
"அம்மா, நான் பிறக்கக்குள்ள
தோணிக்காரர்ர முகம் தெரிஞ்சதா உங்களுக்கு?"

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
மறுகா சொன்னா:
"மூத்ததம்பியரா? எப்பிடி மனே தெரியும்.
அந்த மனிசன் பாவம்,
நான் பெத்து முடியுமட்டும்
மற்றப் பக்கம் பாத்துத்தான் கம்பு ஊண்டினாரு.
நீ அழுத பிறகுதான் திரும்பினாரு."