சான்றுப் பொருள்

ஆரப்பாளையம், திருப்பூர் பஸ் நிற்கும் இடம்.
பெயர் கேட்டால் 'தம்பி' என்றான்.
வயது நாலிருக்கும் என்று எழுதினேன்.
சாயங்காலமே பிடித்தாயிற்று பவுனுத்தாயை,
சிலைமான் சூளையில், தலையில் செங்கலோடு.

'முற்றிலும் கைவிடும் எண்ணத்துடன்' என்கிறது பிரிவு;
ஏழு வருஷம் வரை உள்ளே.
எண்ணத்துக்கு எங்கே போவேன்?
கையில் இருப்பதெல்லாம்
பையன் காலின் புதுச் செருப்பு,
இரண்டு அளவு பெரிசு.
"வளர்ற காலுங்க."
அதற்குமேல் அவள் வாய் திறக்கவில்லை.
அவளுக்கு எதிராகவா, ஆதரவாகவா அது?

அதே நடைமேடையில்
போன தையில் பஸ் ஏறியிருக்கிறான் அப்பன்.
சட்டத்தில் தகப்பனும் உண்டு.
யாரும் புகார் எழுதவில்லை.

காப்பகத்து வண்டி வருமுன்
செருப்பைக் கழற்றி உறையிட்டு முத்திரை வைக்கணும்.
தூங்கட்டும் என்று பார்க்கிறேன்.
அவனோ டப்பு டப்பென்று
ஹாரன் கேட்கும்போதெல்லாம்
வாசல்வரை போய் வருகிறான்.