பழுதான பாகத்தின் எண்

கியூம்ரி. பிப்ரவரி. இரவு இரண்டு மணி.
பிரசவ மருத்துவமனையின் அடித்தளத்தில்
கருங்கல் சுவர் பிடித்த குளிரை விடுவதாயில்லை.
எதிரே ஆளுயர யுபிஎஸ் அலமாரி.
ஐந்து மாட்யூல்கள், ஐந்து பச்சை விளக்குகள்.

நான்காவதைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள்.
டிசி பஸ்ஸில் மின்னழுத்தம் மிஞ்சுகிறதென்று அலறிவிட்டுத்
தானே அணைந்துகொள்கிறதாம்,
வாரத்தில் நாலு இரவு, இரண்டேகால் வாக்கில்.
எனக்கு முன் வந்த ஸ்தெபான் அதை இருமுறை மாற்றினான்.
புதிதாய் வந்ததும் அதே நேரத்துக்கு அலறியது,
பரம்பரை வியாதி போல.

முந்தாநாள் நான்காவதை வெளியே இழுத்தேன்.
இழுத்த கையோடு உள்ளே தொடக்கூடாது.
கெப்பாசிட்டரில் அழுத்தம் இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்,
கிளம்புகிறேன் என்று எழுந்துவிட்டு
வாசலில் நின்று பேசும் விருந்தாளி மாதிரி.
மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கையுறையைக் கழற்றினேன்.
அன்றிரவு இரண்டாவது அலறியது.
நேற்று அதையும் எடுத்தேன்.
ஐந்தாவது.

நான்குக்குக் கொஞ்சம் காது கூர்மை,
அவ்வளவுதான்.

இன்று எதையும் இழுக்கவில்லை.
மீட்டரை மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
காவலாளி வாஸ்கென் தந்த காபி ஆறிவிட்டது.
எழுநூற்று அறுபது.
எழுநூற்று அறுபது.
எழுநூற்று அறுபது.
சுவருக்குப் பின்னால் ஏதோ முனகுகிறது.
எழுநூற்றுத் தொண்ணூறு.
எண்ணூற்றுப் பன்னிரண்டு.
எண்ணூற்று முப்பத்தாறு, அலறல்.

படியேறி ஓடினேன்.
மூன்றாம் மாடியில் லிஃப்ட் திறக்கிறது,
உள்ளே யாருமில்லை.
அழுக்குத் துணியை இறக்கி அனுப்பிவிட்டு
அதை மேலே அழைத்தவள் சலவைக்காரி அருஸ்யாக்.

வெறுங்கூண்டைவிட மறுபக்கத்து எடைக்கல் கனம்.
கல் இறங்க, கூண்டு ஏற,
மோட்டார் மின்சாரத்தைத் தின்பதில்லை,
கக்குகிறது.
பகலில் ஆய்வகமும் அறுவை அறையும் வாங்கிக்கொள்ளும்.
இந்நேரத்துக்கு வாங்க ஆளில்லை.
கக்கியதெல்லாம் என் அலமாரிக்குள் வந்து ஏறுகிறது.
போன இலையுதிர்காலத்தில் மராமத்து பார்த்த யாரோ
லிஃப்டை இந்த இணைப்பில் கோத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“நான் ஏதாவது தப்பு செய்தேனா?”
“காலி லிஃப்டைக் கூப்பிட்டாய்” என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அடுத்த மூட்டை காத்திருந்தது.
கதவுக்கு அந்தப்பக்கம் யாருக்கோ
வலியின் ஏழாவது மணி.

காலையில் லிஃப்டைப் பிரித்து வேறு இணைப்பில் போட்டேன்.
நான்காவதை அதன் குழிக்குள் தள்ளினேன்.
பூட்டு விழுந்தது. பச்சை.

யெரெவானுக்குப் போகும் படிவத்தில் ஒரு கட்டம்:
பழுதான பாகத்தின் எண்.
காலியாக விட்டேன், கணினி ஏற்கவில்லை.
சைபர் போட்டேன். அதையும் ஏற்கவில்லை.
கிடங்கில் பழைய நான்காவதுகள் இரண்டு கிடந்தன,
‘செத்தது’ என்று ஸ்தெபான் எழுதி ஒட்டிய தாளோடு.
ஒன்றை எடுத்துத் தாளைக் கிழித்தேன்.
பசை மட்டும் வரவில்லை.