புளிக் கறை

மொரப்பூர்ப் புளி மண்டி, பின்கட்டு.
பீரோக் கைப்பிடிக்குக் கீழே ஒரு கட்டைவிரல்.
பொடி தூவவே தேவையில்லை,
புளியில் பதிந்து காய்ந்து
எனக்காகவே வைத்தது மாதிரி.

வாசலில் காவல்காரர் சென்னப்பன்
சாக்குக்கு அடியில் கிடந்தார்.
நாற்பது பவுன், ஓர் உயிர்.
ஏட்டு அந்த வரிசையில்தான் எழுதினார்.

நான் தர்மபுரி திரும்பும் முன்பே
ஆள் பிடித்தாகிவிட்டது.
வீரமலை. பழைய இரும்பு எடுப்பவர்.
அரூர்ப் பக்கம், குறவர் காலனி.
'எப்படி சார்?'
'எப்படி என்ன, எப்பவும் போலத்தான்.'
இன்ஸ்பெக்டர் டீயை ஊதினார்.
என் சாதிச் சான்றிதழை
அவர் பார்த்ததில்லை.

லாக்கப்பில் மைப்பலகையைத் திறக்கும் முன்பே
வீரமலை கையை நீட்டினார்,
வலது கட்டைவிரலில் தொடங்கி
ஒவ்வொன்றாக, முறை தப்பாமல்.
சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆவண அறையில்,
சேலம் ஜில்லாவாக இருந்த காலத்துப் பதிவேடு,
கரையான் தின்றது போக மிச்சம்.
கொக்கி கொக்கியாய் எழுத்து:
பிறவித் திருடர், ஆண், வயது பதினான்கு.
பெயர் சேர்வராயன்.
எதிரே, இன்னும் வளராத ஒரு கட்டைவிரல்.
ராத்திரி பதினொன்றுக்கும் மூன்றுக்கும்
ஸ்டேஷன் வாசலில் போய்
'இருக்கேன் சாமி' என்று சொல்லிவிட்டுத்
தூங்கவேண்டிய பையன்.

எங்கள் பெண்கள்
ஒரு படி கம்புக்கு முழுக் கையையும் பார்த்தார்கள்.
கல்யாணம், கண்டம், காணாமல் போன மாடு,
ஊர் விட்டு ஊர் போகும் யோகம்.
துரைக்கு நுனி மட்டும் போதுமாயிருந்தது.
நான் படித்ததும் நுனிதான்,
அரசாங்கச் செலவில்.

வீரமலைக்கு இரண்டு கட்டைவிரலிலும் சுழி.
புளியில் இருப்பது வில்,
குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.

இரண்டாம் நாள் மண்டிக்குப் போனபோது
முதலாளியின் மருமகன்
'வெயில்ல வந்திருக்கீங்க' என்று
கண்ணாடி டம்ளரில் மோர் கொடுத்தார்.
குடித்தேன்.
டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

'ரேகை தெளிவில்லைன்னு போடும்மா,
உனக்கு எதுக்கு வம்பு?'
போனில் இன்ஸ்பெக்டர், பின்னால் யாரோ சிரிப்பு.
மேசையில் லென்ஸ்.
லென்ஸுக்குக் கீழே வில்,
பக்கத்தில் மோர் டம்ளரின் வில்,
இரண்டிலும் அதே தழும்பு.
அறையெல்லாம் லேசாகப் புளி வாசம்.

வாய் ஊறுகிறது, வெட்கமாயிருக்கிறது.
உள்ளே ஒருவருக்கு
இன்று மூன்றாவது ராத்திரி.

படிவத்தின் கடைசிக் கட்டம்
நிபுணரின் பெயரைக் கேட்கிறது.
வழக்கமாக முதலெழுத்தோடு நிறுத்துவேன்.
இன்று விரித்து எழுதுகிறேன்,
அப்பாவுக்கு அவர் தாத்தா பெயர்:

சேர்வராயன் நீலவேணி.