இடுக்கில் ஒரு சொல்

டார்ட்டு நகரில் மைனஸ் பத்தொன்பது.
எமயோகி ஆறு இறுகிக் கிடக்க
கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஐந்தாம் மாடியில் திரீனு
தட்டுகளை எண்ணுகிறாள்.

ஒரு நொதி.
செல் தனக்குத்தானே எழுதும் ஆர்.என்.ஏ. கடிதத்தில்
அங்கங்கே ஓர் அடினோசினைத் தொட்டு
ஐனோசின் ஆக்கிவிட்டுப் போகும்.
அவ்வளவுதான் உத்தியோகம்.
அது தொடாமல் விட்ட நாளில்
உள்ளே நிற்கும் காவல்
உறவு என்பதை
உளவு என்று வாசிக்கும்.
பிறகென்ன, இன்டர்ஃபெரான்,
ஊரெல்லாம் தீ.

புற்றுக்கட்டிக்கு இது தெரியும்.
அதே நொதியை இரவு பகலாய் வேலை வாங்கி
தன் கள்ளக் கடிதங்களிலும்
'நம்மவர்' என்று முத்திரை குத்திக்கொள்ளும்.

திங்களன்று திரீனு அந்த நொதியை நீக்கினாள்.
வியாழனன்று கட்டிச் செல்கள்
தாமே மணியடித்து
தாமே எரிந்துபோயிருந்தன.
யாரோ ஏலக்காய் ரொட்டி வாங்கி வந்தார்கள்.
கைதட்டினார்கள்.

அவள் ரொட்டியைத் தாளில் சுற்றி வைத்தாள்.

பக்கத்துக் கட்டடத்தில் இந்த்ரெக், நாலு வயது.
பிறவியிலேயே அதே நொதி பழுது.
எந்தக் கிருமியும் நுழையாத மூளையில்
மூன்று வருடமாய்ப் போர்.
கரண்டி பிடித்த விரல்களுக்கு
இப்போது கரண்டி ஞாபகமில்லை.
"இவன் யாரோடுதான் சண்டை போடுகிறான்?"
என்று அவன் அம்மா கேட்டது
இவளிடம் அல்ல; லிஃப்டில், கண்ணாடியிடம்.

நோட்டில்
'செல்கள் இறந்தன' என்று எழுதினாள்.
மூடி வைத்தாள்.
திரும்பத் திறந்து
முன்னால் இருந்த இடுக்கில்
பென்சிலால் நெருக்கிச் சேர்த்தாள்:
'இந்தச்'.