வட்டம் மறையும் ஊர்

ஹட்டனிலிருந்து ஐந்தரை பஸ்,
சனிக்கிழமைகளில்.
கண்டியில் இறங்கினால்தான் எங்களுக்கு நீச்சல் தடாகம்.
ஷாலோமி நீந்துவாள்.
நானும் கபிலேஷும் ஈரப் படியில்
கொப்பியோடு குந்தியிருப்போம்.

உயர்தரம், தொழினுட்பப் பிரிவு, குழு இலக்கம் ஏழு.
செயற்றிட்டம்: பயிற்சிக்கு இதமான நீச்சல் கண்ணாடி.
'இதமான' என்பதை
மூன்று தரம் வெட்டி மூன்று தரம் எழுதினோம்.
சொகுசு என்றால் விளம்பரம் மாதிரி இருந்தது.
வசதி என்றால்
வீடு கட்டித் தருகிறோம் என்பது மாதிரி.

பாடசாலைக்கு யாரோ அன்பளிப்புச் செய்த கண்ணாடி அவளுடையது.
விளிம்பு கட்டை. மூக்குப் பாலம்
வேறு ஏதோ மூக்குக்கு அளந்தது.
இரண்டு மணி நேரம் நீந்தி ஏறினால்
கண்களைச் சுற்றி இரண்டு சிவப்பு வட்டம்.
ஒருநாள் கண்டக்டர் மிச்சக் காசை நீட்டியபடி
சிங்களத்தில், மெதுவாக,
ஏன் மகள் அழுதாய் என்று கேட்டார்.

முதல் மாதிரிக்கு சைக்கிள் டியூப்.
தண்ணீர் உள்ளே வந்தது.
அடுத்தது செருப்பின் அடிப்பஞ்சு.
தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பிக்கொண்டது.
மூன்றாவது, மீன்தொட்டி ஒட்டுகிற சிலிக்கன்.
அதற்காக அவள் முகத்தையே அச்செடுத்தோம்:
விஞ்ஞானகூட மேசையில் படுக்கவைத்து
புருவத்தில் வாசிலின் அப்பி,
சாந்து காயும்வரை
கபிலேஷ் பழைய கிரிக்கெட் ஸ்கோர்களை வாசித்தான்.
பெயர்த்தபோது பாதிப் புருவம் சாந்தோடு வந்துவிட்டது.
அவள் சொன்னாள்: பரவால்ல.

அதுதான் சிக்கல்.

கொப்பியில் ஓர் அளவுகோல் கீறியிருந்தோம்.
ஒன்று, வலியே இல்லை.
ஐந்து, தாங்க முடியாது.
டியூப்புக்கு இரண்டு என்றாள்.
பஞ்சுக்கு இரண்டு.
சிலிக்கனுக்கும் இரண்டு.
கண்டக்டரைக் கலங்க வைத்த அந்தப் பழசுக்கும்
கொஞ்சம் யோசித்து, இரண்டு.
"வலிக்குதா?"
"இல்ல."
"கடிக்குதா?"
"பரவால்ல."
எங்கள் லயத்துக் கூரை ஒழுகுதா என்று
யார் வந்து கேட்டாலும் இதே விடைதான்.
ஐந்து என்று சொன்னால்
இருப்பதையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று.

வாயைக் கேட்பதை விட்டோம்.
தோலைக் கேட்டோம்.
திரும்பும் பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் இருத்தி
வட்டம் எந்த ஊரில் மறைகிறது என்று பார்த்தோம்.
பழைய கண்ணாடி, வட்டவளையிலும் கொஞ்சம் மிச்சம்.
டியூப், நாவலப்பிட்டி.
சிலிக்கன், கம்பளை.
ஒருநாள் பேராதனை தாண்டி மரம் விழுந்து
பஸ் ஒன்றேகால் மணி நேரம் நின்றது.
அன்றைய ஊர்கள் செல்லாது என்று
கபிலேஷ் சிவப்புப் பேனையால் கோடிழுத்தான்.
அவள் தூங்கிவிட்டிருந்தாள்,
கண்ணாடியில் கன்னம் பதிய.
அதுவும் ஒரு வட்டம்.

ஆசிரியை நிமிடத்தில் எழுதித் தரச் சொன்னார்.
தந்தோம்.
எங்களுக்குள் மட்டும் இன்னும்
'கம்பளைக் கண்ணாடி' என்றுதான் பேச்சு.

ஆறாவது மாதிரிக்கு மூக்குப் பாலத்தையே கழற்றிவிட்டு,
தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிய
சேலைன் குழாய்த் துண்டுக்குள் நூல் கோத்தோம்.
இழுத்தால் இறுகும், விட்டால் தளரும்.
அன்றைக்குத் தூறல்.
தடாகம் முழுக்கப் புள்ளி விழுந்துகொண்டிருந்தது.
முப்பது நீளம் போய்ச் சுவரைத் தொட்டவள்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
நாங்கள் கேட்க வாயெடுக்குமுன்
அவளே சொன்னாள்:

"இடப்பக்கம், மூக்கோரம். கடிக்குது. இது சரியில்ல."

கபிலேஷ் என்னைப் பார்த்தான்.
பத்து நாற்பது என்று நேரத்தை எழுதினான்.
எழுத்து கோணலாக விழுந்தது,
குளிராகவும் இருக்கலாம்.
நான் பையில் பிளேடைத் தேடியபடி
எவ்வளவு என்று கேட்டேன்.

"நாலு," என்றாள்.
பிறகு, மூக்கைத் தடவிப் பார்த்து,
"நாலரை."